தாராக் குஞ்சின் தீன்பை

சண்டை முடிந்து, கடலுக்குப் போகக் கெடுபிடி இல்லாமல் போன காலம். எங்கள் முற்றத்தில் எந்நேரமும் என் அண்ணன், நானாவின் மீன்வலை விரிந்து கிடக்கும். முட்டை விற்றுப் புத்தளத்துக்கு வகுப்புக்குப் போகலாம் என்று நான் ஏழு தாராக் குஞ்சுகள், வாத்துக் குஞ்சுகள்தான், வளர்த்தேன். ஒரே கிழமையில் நான்கு செத்தன. நான்கிற்கும் கழுத்தடியில் தீன்பை கல்லுப்போல் வீங்கியிருந்தது.

“கண்ணூறு புள்ள. உன்ட ஏ.எல். சேட்டிபிகேட்டக் கழுத்துல கட்டிவிடு, சொகமாகும்,” என்றார் நானா. உம்மாவும் சிரித்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் ஏ.எல். என்ற உயர்தரம் வரை படித்தவள் நான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். செத்த குஞ்சொன்றின் தீன்பையைப் பிளேடால் கீறினேன். வலைக் கிழிசலைப் பொத்தும்போது நானா வெட்டிப்போடும் பச்சை நைலோன் துண்டுகள் சோற்றோடு பந்தாகச் சிக்கிக் கிடந்தன. அதை அவர் முன்னால் வைத்தேன்.

“கண்டதையும் திண்டா நான் என்ன செய்ய? தாராக்குப் புத்தியில்ல.”

அப்போது ஐந்தாவது குஞ்சும் வீங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் பருக்கி, தீன்பையை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தேன். மடியிலேயே செத்தது. எழுந்து வலையை இழுத்துக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே போட்டேன்.

“இனி அங்கயிருந்து பொத்துங்க நானா.”

உம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் முற்றத்து மணலை அரித்து நைலோன் பொறுக்கினேன்.