எண் பார்த்து அடுக்கிய அட்டைகள்

நேற்று சாரல் விடவே இல்லை. பக்கத்து வீட்டு செல்வி எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து போனில் வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கனதான் சிக்னல் நல்லா கிடைக்குதாம்.

"என்ன பாடம்ட்டி?"

"லைப்ரரில புத்தகம் எப்படித் தேடணும், ஆராய்ச்சிக்குக் குறிப்பு எப்படி எடுக்கணும்னு சொல்லித் தாராங்க ஆச்சி."

நான் வேலை பார்த்த பழைய நூலகம் கண்முன் வந்து நின்றது. இத்தனை வருஷம் கழித்துமா என்று கேட்பீர்கள். ஈர அட்டை வாசனை மூக்கில் ஏறிவிட்டதே, என்ன செய்ய?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஒரு கல்லூரி. அதன் நூலகத்தில் தூசி தட்டி, புத்தகம் அடுக்குகிற வேலை எனக்கு. தற்காலிகம்தான். நிரந்தரமாக்கச் சொல்லி அந்த மாதம் எழுதித் தருவதாக நூலகர் மேடம் சொல்லியிருந்தார். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். ஆனால் புத்தக முதுகில் உள்ள எண்ணைப் பார்த்தால் போதும், அலமாரியில் சரியான இடத்தில் வைத்துவிடுவேன்.

அப்போது கம்ப்யூட்டர் ஏது? நீளமான மர இழுப்பறைகளில் புத்தகத்துக்கு ஓர் அட்டை இருக்கும். அடியில் ஓட்டை போட்டுக் கம்பியில் கோத்திருப்பார்கள். சாரல் காலத்தில் ஈரம் குடித்து நமத்த அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

"நாளைக்கு எம்.ஏ. பிள்ளைகளுக்கு அட்டை பாத்துப் புத்தகம் தேடப் பயிற்சி. பிரின்சிபாலும் வாராங்க. அட்டையைக் காய வச்சிரு" என்றார் மேடம்.

அதுவரை அட்டையை நான் தொட்டதே இல்லை. சாயங்காலம் இங்கிலீஷ் புத்தகங்களுக்கான இழுப்பறை ஒன்றின் கம்பியை உருவி, அட்டைகளை ஃபேனுக்கு அடியில் பரப்பினேன். காற்றில் கலைந்துபோயின. அதனால் என்ன, மூலையில் எண் இருக்கிறதே! எண் வரிசையில் கோத்துவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் இருபது பிள்ளைகள். மேடம் அதே இழுப்பறையில் கை வைத்தார். "இதுல நம்பரைப் பாக்கக் கூடாது. எழுதுனவங்க பேரைத்தான் பாக்கணும். ஏ, பி, சி வரிசை."

தூசித் துணியோடு நான் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

'எம்' எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரைச் சொல்லி, அந்த அட்டையைத் தேடி எடுக்க முத்துமாரி என்ற பிள்ளையைக் கூப்பிட்டார். சிவகிரி ஊர்க்காரி. என்னைப் போலவே வாய் திறக்காதவள். முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். அட்டை விழுகிற சத்தம் மட்டும் டக், டக் என்று.

"ஏட்டி, ஏபிசிடி பாடிப் பாரு!" என்றாள் பின்னால் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"இது தெரியாம எம்.ஏ. வரைக்கும் எப்படிம்மா வந்தே?" என்றார் மேடம். பிரின்சிபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முத்துமாரியின் கண்ணீர் அட்டையில் விழுந்தது. நான் காயவைத்த அட்டை.

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அவள் இனி நூலக வாசலையே மிதிக்க மாட்டாள். நான் உடனே சொல்லவில்லை. அதை ஏன் மறைக்க? அவள் "தெரியல மேடம்" என்று இழுப்பறையைத் தள்ளப் போனபோதுதான் எனக்குக் குரல் வந்தது.

"மேடம்... நாந்தான். நம்பர் பாத்து அடுக்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மேடம் நாலைந்து அட்டைகளைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். கம்பியை உருவி, எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார்.

"உக்காருங்க. இன்னைக்கு இதான் பயிற்சி."

முத்துமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "இதான் எம், அக்கா. ரெண்டு மலை நிக்குத மாதிரி."

என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேடம் அந்த மாதம் எழுதித் தரவில்லை. அடுத்த வருஷம்தான் தந்தார்.

அந்த இழுப்பறைகளை எப்போதோ ஏலத்தில் எடுத்துப் போய்விட்டார்கள். நேற்று போனில் டீச்சர் செல்வி பேரைச் சொல்லி ஏதோ கேட்டார். பதில் தெரியாத செல்வி படக்கென்று போனை அணைத்தாள். "நெட் போச்சுன்னு சொல்லிருவேன் ஆச்சி."

நல்லதுதான். நாலு பேர் முன்னால் அழ வேண்டியதில்லை. ஆனால் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைக்க அந்தப் போனுக்குள் யாரும் இல்லை.