சொந்த வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாயகி

அக்கா கணவரோடு சண்டை பிடித்துக்கொண்டு புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்த மாலை, அம்மா தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நாயகி அழுதாள், வாசலில் அக்கா அழுதாள். யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் அம்மா திணறிப்போனார். நல்லவேளையாக விளம்பரம் வந்தது.

நடந்தது இதுதான். சேட் அயன் பண்ணிக் கிடக்கவில்லை என்று மானிப்பாய் வீட்டில் அத்தான் கத்த, அக்கா பதிலுக்கு ஏதோ சொல்ல, கன்னத்தில் ஓர் அறை. பிறகு, "வீட்டை விட்டு வெளிக்கிடடி" என்றிருக்கிறார். அக்காவும் ஒரு பையில் உடுப்புகளை அடைத்துக்கொண்டு, வாசல் படலையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வெளிக்கிட்டுவிட்டாள். திரும்பிப் பார்த்ததை அவளே சொன்னாள். எந்த நாடகத்தில் படித்தாய் என்று கேட்க வாய் உன்னியது. கன்னம் வீங்கியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

எனக்கு இந்த நாயகிகள் மேல் நெடுநாள் கோபம். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கைத்தொலைபேசியில் தொடர்கதை வாசிப்பேன். வீட்டுக்கு வந்தால் அம்மாவின் நாடகம். எல்லாவற்றிலும் அதே பெண்தான். கணவன் அடித்தாலும் சாமியறைக்குப் போவாள், மாமியார் துரத்தினாலும் சாமியறைக்குப் போவாள். அங்கே மை கலையாமல் அழுவாள். எதிர்த்துக் கேட்கிறவளுக்கோ வில் போன்ற புருவமும், கையில்லாத சட்டையும், பின்னணியில் இடிமுழக்கமும். எல்லாவற்றையும் பொறுத்தவளுக்குக் கடைசியில் ஒரு பரிசு கிடைக்கும். அடித்த அதே கணவன்! அந்தப் பரிசை விழுந்து கும்பிட்டு வாங்குவாள்.

எழுதுகிறவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அடிவாங்கினவளுக்கு அம்மா உச்சுக்கொட்டுவார். திருப்பிக் கேட்டவளைக் கண்டால், "உவள் குடும்பத்துக்கு ஆகாதவள்" என்பார். பார்க்கிறவர்கள் கேட்பதைத்தானே கடைக்காரர் விற்பார். என்னை இன்னும் ஒருவரும் பெண் கேட்டு வராததற்கும் என் வாய்தான் காரணம் என்பது அம்மாவின் முடிவு.

அக்காவுக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. "கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை. ஆம்பிளையள் அப்பிடித்தான்" என்று காலையும் மாலையும் ஓதினார். அக்கா கேட்டுக்கொண்டு மூலையில் கிடந்தாள். ஊர்வாய் முழுவதற்கும் பதில் சொல்லும் என் அக்கா, அடுப்படியில் சத்தமில்லாமல் மூக்குச் சிந்தினாள்.

அடுத்த கிழமை அத்தானின் சித்தப்பா சமாதானத் தூதுவராக, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அம்மா நாடகத்தையே நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பிள்ளை வந்து ஒரு மன்னிப்புக் கேட்டால் அதுவே காணும். அவன் வீட்டிலை ஏத்துக்கொள்ளுவான்" என்றார் சித்தப்பா.

"அவ வருவா, கேப்பா" என்றார் அம்மா.

"ஆரின்ரை வீட்டிலை ஏத்துக்கொள்ளுவார்?" என்று கேட்டேன்.

வாழைப்பழம் உரித்த சித்தப்பாவின் கை நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். மானிப்பாய் வீடு, அப்பா வெங்காயத் தோட்டத்தில் முதுகு ஒடியப் பாடுபட்டுக் கட்டி, அக்காவின் பெயரில் சீதனமாக எழுதிய வீடு. கடல் கடந்து வந்த நாடகங்களில் மருமகள் மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்படுகிறாள். அதைப் பார்த்துப் பார்த்து, என் அக்கா தன் வீட்டிலிருந்து தானே துரத்தப்பட்டு வந்திருக்கிறாள். அந்த ஒரு கிழமையும் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும்தான்.

அக்கா மெல்ல எழும்பி முகம் கழுவினாள். "நான் வாறன் மாமா" என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்த சித்தப்பா, சந்தோசமாக ஆட்டோ பிடித்து, துணைக்கு வந்த என்னையும் ஏற்றிக்கொண்டார்.

மானிப்பாயில் அத்தான் விறாந்தையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். அக்கா அவரைக் கடந்து உள்ளே போனாள். அலுமாரி திறபட்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவருடைய பெட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"இது என்ரை வீடு. கைநீட்டிற ஆளுக்கு இஞ்சை இடமில்லை. வெளிக்கிடுங்கோ."

அத்தான் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

"நான் எங்கை போறது? அம்மா வீட்டைத் தங்கச்சிக்குச் சீதனமாய்க் குடுத்தாச்சு" என்றார் அத்தான். முதன்முறையாக அவர் குரல் சின்னதாகக் கேட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்கா சிரிக்கவில்லை. பெட்டியைத் திரும்ப எடுக்கவுமில்லை.

அவர் பெட்டியோடு ஒழுங்கையில் இறங்க, பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலைகள் தெரிந்தன. "பாவம் அந்த மனுசன்" என்றது ஒன்று. எனக்கு உச்சி கொதித்தது. அக்கா கதவைச் சாத்தினாள்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவலையோடு கேட்டார்:

"அவர் சாப்பிட்டிட்டுத்தானோ போனவர்?"

அக்கா தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினாள்.

"அம்மா, நான் இன்னும் சாப்பிடேல்லை" என்றாள்.