பாய்மரத்தைத் தடவிய விரல்கள்

அலுமினியப் பாய்மரத்தின் மேல் என் தம்பியின் விரல்கள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. புயலில் நசுங்கிய பகுதியை வெட்டி எடுத்து, உள்ளே ஒரு குழாயைச் செருகி, சுற்றிலும் ரிவெட் அடித்து முடித்திருந்தான். வெல்டிங் வைத்தால் சூட்டில் அலுமினியம் வலுவிழந்துவிடுமாம். வேறெங்காவது விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி. அதை அவன் தடவியே கண்டுபிடிப்பான். பட்டறையில் அவனுக்குப் பெயரே 'விரல்'.

மறுநாள் காலை கிரேன் வைத்து மரத்தைப் படகில் நிறுத்தியதும், படகுக்காரரும் அவர் மனைவியும் நடுக்கடலுக்குக் கிளம்புவதாக இருந்தது. விரல் சொன்னால் சரிதான் என்று அவர் சிரித்தார். தம்பியும் தடவி முடித்து, விரிசல் இல்லை என்று சொல்லி அனுப்பினான்.

பிறகு, நான் கொண்டுபோயிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன். சூட்டில் என்னால் தொட முடியாத எவர்சில்வர் டம்ளரை அவன் வெறுங்கையில் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தான். நோயாளிகளைக் கவனித்தே காலம் தள்ளியவள் நான். கண்ணை மூடச் சொல்லி, சேஃப்டி பின்னால் விரல் நுனியில் குத்தினேன்.

"என்னக்கா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றான்.

கண்ணைத் திறந்தவன் ரத்தத் துளியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

வீட்டில் அவன் மனைவியிடம் விசாரித்தேன். கொஞ்ச காலமாகவே சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுகிறானாம். "கல்யாண மாப்பிள்ளை மாதிரி நான் வந்து போட்டுவிடணுமான்னு கேலி பண்ணிட்டேன் அண்ணி," என்றாள்.

சர்க்கரையா, துளைபோடும் மெஷினின் அதிர்வா, டாக்டர்தான் சொல்ல வேண்டும். தம்பிக்கு அந்தக் கவலையே இல்லை. "இந்த மரம் கீழதான் கிடக்கு. போன மாசம் ஒண்ணத் தடவி அனுப்பினேனே, அது இப்ப கடல்ல இருக்குக்கா," என்றான். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

காலையில் கிரேன் வருவதற்கு முன்பே படகுக்காரரிடம் சொல்லிவிட்டான். "என் விரல நம்பாதீங்க சார். அது செத்துப்போச்சு."

மரம் முழுக்கச் சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தான். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய சாயம் வெள்ளையில் கசியும். ரிவெட் பக்கம் சுத்தமாக இருந்தது. மேல்முனையில், மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பியை மாட்டும் இடத்தில், முடியளவுக்கு ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. படகுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி கிரேனைத் திருப்பி அனுப்பினான். துறைமுக ரேடியோ அறைக்குப் போய், போன மாதம் போன படகின் பெயரைச் சொல்லி, கூப்பிடச் சொன்னான்.