மூஞ்சியைக் கடிக்காத ப்ரைமர்

செய்தியை இருதயராஜ்தான் கொண்டுவந்தார். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்று, "அண்ணாத்தே, நம்ம முனிரத்தினம் பூட்டாரு. டீ குடிச்சிகினே இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றார். இம்மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வாயில் வந்தது, "அடப்பாவி, இன்னும் ப்ரைமரே அடிக்கலையே!" என்பதுதான். இருதயராஜ் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா, தெரியவில்லை. முனிரத்தினத்தை அறிந்த நீங்கள் யாராயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

அறியாத துர்ப்பாக்கியசாலிகளுக்காக: அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறி செய்யும் ஒரு கம்பெனியில், இறக்கைகளுக்கு அடித்த பெயின்டைச் சோதிப்பது அவர் உத்தியோகம். பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழிப்பார். மேலே செலோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுப்பார். டேப்போடு தூசியளவு பெயின்ட் வந்தாலும் "ரிஜெக்ட்!" அந்தக் குரலுக்குத் திருமழிசை வரைக்கும் சூப்பர்வைசர்களுக்குக் குளிர்சுரம் கண்டது. பிரம்மா தன் படைப்பை இவரிடம் காட்டியிருந்தால் மனித குலம் மொத்தமும் குடோனுக்குத் திரும்பியிருக்கும்.

எண்பதுகளின் கடைசியில், முனிரத்தினத்தின் மனைவி குமுதாவின் அண்ணன், அதாவது அவர் மச்சான், லண்டனிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சிப்பாய்கள். மேசைமேல் இரண்டு படையாக நிறுத்தி, பகடை உருட்டி, ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்திச் சண்டை போடும் விளையாட்டு. ஒவ்வொருவனுக்கும் தனி மீசை, தனி முறைப்பு. குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்துப் பிங்பாங் மேசையில் முனிரத்தினமும் இருதயராஜும் நானும் ஞாயிறுதோறும் ஐரோப்பாவைப் பங்கு போட்டோம். மச்சான் வைத்தது ஒரே நிபந்தனை. "மொட்டையா நிக்கக் கூடாது. அடுத்த லீவுக்கு நான் வரும்போது கலர்ல நிக்கணும். இல்லன்னா பெட்டிய எடுத்துட்டுப் போயிடுவேன்." ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை சல்லடை போட்டாலும் அப்படி இன்னொரு பெட்டி கிடைக்காது.

கலர் அடிக்க வேண்டுமானால் முதலில் ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு வேண்டும். சாமானிய மனிதன் ஒரு டப்பா வாங்குவான், அடிப்பான். முனிரத்தினம் மெயின் ரோட்டு மோட்டார் பார்ட்ஸ் கடையில் இருந்த ஸ்பிரே டப்பாக்களை எல்லாம் பெண் பார்ப்பதுபோல் பார்த்தார். குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டார். வெயிலில் அடித்தால் வழியிலேயே காய்ந்து மணலாக விழுகிறது என்று ஒன்றைத் தள்ளினார். மழையில் அடித்தால் வெள்ளை பூக்கிறது என்று இன்னொன்றை. கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு மீசையையே மூடிவிடும் என்று மூன்றாவதை. சோதனைக்கு என் வீட்டுப் பிளாஸ்டிக். சோப்பு டப்பா, குளியல் மக்கு, ஊறுகாய் மூடி, எதையும் விடவில்லை. ஒருநாள் என் மனைவி சரோஜா சொன்னாள்: "அண்ணே, பக்கெட்டு ஒண்ணுதான் பாக்கி. அதையும் அடிச்சிட்டீங்கன்னா நாங்க ஏரிக்குப் போயிக் குளிச்சிக்கிறோம்."

"இரும்மா. பக்கெட்டுக்கும் டைம் வரும்" என்றார் அவர், முழு மரியாதையோடு.

எந்தப் பெயின்டும் சோப்பு டப்பாவில் நிற்கவில்லை. டேப்பை இழுத்தால் பாம்புச் சட்டைபோல் கழன்று வந்தது. கடைசியில் காருக்கு அடிக்கும் ஒரு ப்ரைமர், மூக்கைப் பிய்க்கும் தின்னர் வாசனையோடு, டேப்புக்கு அசையாமல் நின்றது. "பாஸ்!" என்று அவர் கத்தியதை நானும் இருதயராஜும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். பெயின்ட் பிடிக்கிறதா என்றே விசிறி இறக்கையில் காலமெல்லாம் பார்த்தவருக்கு, பிடிக்கிற பெயின்ட் கடிக்கவும் கடிக்கும் என்று தோன்றவில்லை. வழவழப்பான சோப்பு டப்பா எதையும் தாங்கும். சிப்பாய் வேறு ஜாதிப் பிளாஸ்டிக். பெட்டியில் சிப்பாய்கள் ஒட்டிவந்த, அதே பிளாஸ்டிக்கில் வார்த்த குச்சிகளிலாவது அடித்துப் பார்த்திருக்கலாம். அவற்றை முதல் நாளே கழிவு என்று குப்பையில் போட்டிருந்தார். கம்பெனிப் பழக்கம்.

மச்சான் மறுநாள் வருகிறார் என்று தகவல். சிப்பாய்களைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, டப்பாவைக் குலுக்கிக்கொண்டே நிற்கிறார் மனிதர். ஊரே எழுந்துவிடும்போல் கடகடவென்று சத்தம்.

"யோவ், மொத்தமா அடிக்காத. மொதல்ல ஒருத்தன் மேல அடிச்சுப் பாரு" என்றேன்.

"ஒருத்தன்னா? எவன் மாமே அவன்?"

"எவனோ ஒருத்தன்! ஓரத்துல மோளம் வச்சிகினு நிக்கிறானே, அவன்."

"மோளம் அடிக்கிறவன் இன்னா பாவம் பண்ணான்?"

"போர்னா நாலு பேர் சாவத்தான்யா செய்வாங்க!"

"அது பகடைல. இது நெஜம்" என்றார்.

கோபத்தில் நானே மேளக்காரனை இழுத்துத் தனியாக நிறுத்தினேன். முனிரத்தினம் தலையைத் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு அழுத்து அழுத்தினார். டீயில் விழுந்த பிஸ்கட்போல மேளக்காரன் முகம் பொதபொதவென்று கரைந்தது. மீசையும் முறைப்பும் போய் ஒரு வழவழப்பு மட்டும் மிஞ்சியது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு முனிரத்தினம் மற்றச் சிப்பாய்களை ஒவ்வொருவனாகப் பெட்டிக்குள் திருப்பி அடுக்கினார்.

மச்சான் வந்தார், பார்த்தார், பெட்டியை மூடினார். "சொன்னேன்ல. எடுத்துட்டுப் போறேன்."

முனிரத்தினம் கெஞ்சவில்லை. "எடுத்துகினு போ. இவனை மட்டும் உட்டுட்டுப் போ" என்று மேளக்காரனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அது வேஸ்ட்டுய்யா. மூஞ்சியே இல்ல."

"அதாலதான் கேக்கறேன். அங்க போனா தூக்கிப் போட்டுடுவானுங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "இந்த ஆளுக்குப் போய் என் தங்கச்சியக் குடுத்தோம் பாரு" என்று பெட்டியைத் தொப்பென்று மேசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

அதன்பின் எத்தனையோ டப்பா வந்தது, ஒன்றும் படைமேல் படவில்லை. தொண்ணூறுகள் முழுக்க எங்கள் சிப்பாய்கள் பிறந்த மேனியாகவே போரிட்டார்கள். முனிரத்தினம் தளபதியாக இருந்த கட்சி ஒரு போரிலும் வென்றதில்லை. மேளக்காரனுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் பாதிப் படையைத் திருப்பிக் காவலுக்கு நிறுத்தினால் எங்கிருந்து வெல்வது?

முனிரத்தினத்தின் காரியம் முடிந்ததும் குமுதா பெட்டியை என்னிடம் கொடுத்தார். "நீங்களாவது அடிச்சு முடிங்கண்ணே. அவரால ஆவல." தலையாட்டினேன். மறுநாள் மோட்டார் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். பிளாஸ்டிக்குக்கென்றே இப்போது ஒரு ப்ரைமர் வந்திருக்கிறதாம். கடைக்காரர் தங்கமான மனிதர். "சந்தேகமா இருந்தா ஒண்ணுல அடிச்சுப் பாத்துட்டு மத்ததுக்கு அடிங்க சார், ஒண்ணு போனா என்னா?" என்றார். மிகவும் நியாயமான யோசனை; அன்று நானே சொன்னதுதான். கேட்டதும், எவன்யா அந்த ஒண்ணு என்று எனக்கு வந்த கோபத்தில் டப்பாவை வாங்காமலே திரும்பிவிட்டேன். முனிரத்தினத்திடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கோபம்தான்.