பதினான்கு கிராம் பசை

என் அக்காவுக்குக் கோபமே வராது என்று ஊரே சொல்லும். கூட இருந்து பார்த்தால் தெரியும். கோபம் வந்தால் பேச மாட்டாள், அவ்வளவுதான். திட்டித் தொலைத்தால்கூட எனக்குப் பாதி நிம்மதி.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பது அவள் வேலை. முப்பது வருடமாக அதே கடை. சாயங்காலம் வந்து கை கழுவினால் எங்கள் சாப்பாட்டு மேசை விமானத் தொழிற்சாலை ஆகிவிடும். ரிமோட்டில் பறக்கும் ஜெட் விமானங்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். கட்டுவதும் அவளே, பறக்கவிடுவதும் அவளே. மைதானத்தில் அவளுக்குக் 'கண்ணாடியக்கா' என்று பெயர். நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிப் பல காலமாயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய ஜெட் ஒன்று நடுவானில் இறக்கை முறிந்து விழுந்தது. ஒரு வருடம் மைதானத்தின் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தபோது, "இதுவும் போச்சுன்னா எல்லாத்தையும் ஏறக்கட்டிடுவேன்டா" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இறக்கைக்கே எட்டு மாதம் போயிற்று. மெல்லிய மரத்துண்டுகள் விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும். அவற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு சட்டம். பாரம் தாங்குவது அதுதான். மேல்பலகை மூடவேண்டியது மட்டும் பாக்கி. தூசி படக்கூடாது என்று வலது இறக்கையை சோபாவில் கிடத்தி, போர்வையால் மூடி வைத்திருந்தாள். சோபாவில்! நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வருகிறவன் வேறு எங்கே உட்காருவான்? உட்கார்ந்தேன். சடக்கென்றது.

சட்டத்தில் விரிசல். அவள் வருவதற்குள் அவளுடைய பசையையே குழைத்து, அப்பு அப்பென்று அப்பி, பழையபடி போர்த்திவிட்டேன். மறுநாள் அவள் ஒன்றும் சொல்லாமல் மேல்பலகையை ஒட்டி மூடினாள். தப்பித்தோமடா சாமி என்று இருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து இறக்கைகளை விமானத்தின் உடம்பில் பொருத்தினாள். அதிலிருந்து நீட்டிய குழாயில் செருகி, திருகாணி முடுக்கி, ஒயர்களை இணைத்தாள். பிறகு மூக்கிலும் வாலிலும் கயிறு கட்டிக் கூரைக் கொக்கிகளில் தொங்கவிட்டாள். வலது பக்கம் மெல்லச் சாய்ந்தது. நான் அப்பிய பசையின் பாரம். இடது இறக்கை நுனியில் ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சமன் செய்தாள்.

"பதினாலு கிராம்" என்றாள், தனக்குத்தானே. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இன்ஜின் வீலென்று கத்த ஆரம்பித்தது. ரிமோட்டை எடுத்தவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நிறுத்து! வலது இறக்கைய நான்தான் உட்கார்ந்து உடைச்சேன். நானே ஒட்டியும் வச்சேன். பறக்க விடாத!"

இன்ஜினை அணைத்தாள்.

"இதைச் சொல்ல ஒன்றரை மாசமாடா உனக்கு?"

"உனக்குத் தெரியுமா?"

"பசையில உன் கட்டைவிரல் ரேகை அச்சா பதிஞ்சிருந்துச்சு. லென்ஸ்ல மயிரிழை கீறலைக் கண்டுபிடிக்கிறவகிட்டயே மறைக்கிறியா? நீ டியூட்டிக்குப் போனப்புறம் மேல மணல் மூட்டை வச்சுப் பார்த்தேன். அசையல. ஒட்டு கெட்டிதான். ஆனா பசை கொஞ்சமா நஞ்சமா!"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்றரை மாசமா சோறு இறங்கல எனக்கு!"

"நல்லா வேணும்" என்று சிரித்தாள். மறுபடி இன்ஜினைக் கிளப்பினாள்.

ஜெட் ஓடியது, எழும்பியது, எந்தப் பக்கமும் சாயாமல் மேலே போயிற்று. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அந்தப் பசைய நீ சுரண்டி எடுத்திருக்கலாமே. ஈயமே வேண்டியிருக்காது" என்றேன்.

அவள் கண்ணை வானத்திலிருந்து எடுக்கவில்லை.

"எடுக்கத்தான் போனேன். ரேகையப் பார்த்ததும் மனசு வரலடா. மேல போறப்ப நீயும் கூட இருந்துட்டுப் போயேன்னு விட்டுட்டேன்."