பாறைச்சுரண்டிகளுக்குச் சமைப்பவள்

ஊறிக்கொண்டிருக்கும் கடற்பாசியிலிருந்து ஓர் இழையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, தௌசி கண்ணை மூடுகிறாள். உதடு ஒரு பக்கமாகக் கோணுகிறது. "இன்னும் கடல் போகல," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் துப்புகிறாள். சான்சிபாரிலிருந்து சாக்கில் வரும் பாசி அது. உப்பு முழுக்க இறங்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பாள். அடுப்பில் கீரை வெந்துகொண்டிருக்கும். அவள் அவசரப்பட மாட்டாள்.

அவள் சமைப்பது மீன்களுக்கு. கிகோமாவில் ஏரிக்கரையை ஒட்டி அவள் முதலாளி ஹிலாரிக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. உள்ளே வரிசையாக சிமெண்டுத் தொட்டிகள். முக்குளிப்பவர்கள் ஏரியின் பாறைகளுக்கிடையில் வலைபோட்டுக் கொண்டுவரும் அழகு மீன்கள், விமானம் ஏறிக் குளிர்நாட்டுக்காரர்களின் கண்ணாடித் தொட்டிகளுக்குப் போவதற்கு முன்னால் இங்கே சில வாரம் தங்கும். அவற்றில் பாறைச்சுரண்டி என்று நாங்கள் சொல்லும் வகைக்குத்தான் சாப்பாட்டுப் பிரச்சினை. கருத்த உடம்பு, இடுப்பில் மஞ்சள் பட்டை, கீழ்நோக்கி மடிந்த தட்டை வாய். ஏரியில் இருக்கும்போது விடிந்தது முதல் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டுவது தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. சிமெண்டுச் சுவரில் சுரண்ட என்ன இருக்கிறது?

அதனால் தௌசி பாறையையே சமைத்துப் போடுகிறாள். கீரை, தோலுரித்த பட்டாணி, கேரட், காயவைத்துப் பொடித்த ஏரிப்பாசி எல்லாவற்றையும் விழுதாக அரைத்து, கொதித்துக் கரைந்த கடற்பாசியில் கலப்பாள். சூடு ஆறுவதற்குள் தட்டைக் கற்களின் மேல் ஊற்றிக் கரண்டியின் அடியால் தோசைமாவு போலப் பரத்துவாள். ஆறியதும் அது இறுகிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். விரலை எடுத்ததும் பள்ளம் நிமிர்ந்துவிட வேண்டும். நிமிர்ந்தால் கல் தொட்டிக்குள் போகும். தண்ணீரில் கரையாது. மீன்கள் கூட்டமாக வந்து தலைகீழாக நின்று சுரண்டும்.

இங்கே வருவதற்கு முன் அவள் பக்கத்து ஊர் உஜிஜியில் கல்யாணப் பிலாவ் சோறு சமைத்தவள். அந்தப் பழக்கம் போகவில்லை. தொட்டிகள் பாதி காலியாக இருந்தால், "இன்னைக்குச் சின்னக் கல்யாணம்" என்பாள். மீன்கள் கல்லை மிச்சம் வைத்தால், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க." கொட்டகையில் மீன் சாப்பிட மாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இவங்க கண்ணு முன்னால எப்படி? வீட்டுக்குப் போனா விட மாட்டேன்," என்றாள்.

போன ரமலானில் நடந்தது அந்தக் கல்யாணச் சமையல்காரியால்தான்.

நோன்பு மாதத்தில் அவளால் ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசலில் சொல்லியிருக்கிறார்கள். இவள் கேட்கவில்லை. "நுனியோட நிக்கிற நாக்கா இது?" என்று சொல்லிவிட்டு, மீன்களைப் பைகளில் அடைக்கும் பெர்பெத்துவாவைக் கூப்பிடுவாள். பெர்பெத்துவா தேவாலயத்தில் பாடுகிறவள், நோன்பு இல்லாதவள். "அடி, உன் நாக்கைக் கொஞ்சம் கொடு." அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வருவாள்.

அந்த ரமலானில் தெற்கே தொலைவிலிருந்து ஒரு கூட்டம் பாறைச்சுரண்டிகள் வந்தன. பிடித்தவன் ம்ரிஷோ என்ற முக்குளிப்பவன். எதிர்க்காற்றில் படகு திணறித் தாமதமாக வந்து சேர்ந்தது. மீன்கள் வயிறு ஒட்டி, நிறம் வெளுத்து, கல்லைத் திரும்பியும் பார்க்காமல் மூலையில் கிடந்தன. தௌசி தொட்டிக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் எந்தத் தாயும் செய்வதை அவளும் செய்தாள். டகாவை, அதாவது ஏரி நெத்திலிக் கருவாட்டை, வறுத்துப் பொடித்து ஒரு கை அள்ளி விழுதில் போட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஹிலாரி சொல்லியிருந்தார். பாசி தின்னும் மீனுக்குக் குடல் நீளம். புலால் போனால் செரிக்காமல் உள்ளேயே கெட்டுவிடும், வயிறு உப்பிச் செத்துப்போகும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும், கீரையை மட்டும் விருந்தாளி முன்னால் வைப்பது அவளுக்கு எப்போதுமே ஒரு குறைதான்.

பெர்பெத்துவா கரண்டியை நக்கிவிட்டு, "அக்கா, இன்னைக்குத்தான் வாய்க்கு நல்லா இருக்கு," என்றாள்.

"நோன்புக்காரி முன்னால ருசியப் பத்திப் பேசாத," என்று தௌசி திரும்பிக்கொண்டாள்.

மீன்கள் சாப்பிட்டன. கல்லை வெள்ளையாகச் சுரண்டி வைத்தன. அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் மணமகள் வீட்டுக் களை.

பிறகு வயிறுகள் உப்பத் தொடங்கின. வாயில் எடுத்ததைத் துப்பின. வெள்ளை நூல் போலக் கழிந்தன. ஒவ்வொரு காலையும் சில மீன்கள் மல்லாந்து மிதந்தன.

ஆழத்திலிருந்து சட்டென்று மேலே கொண்டுவந்தாலும் மீனுக்கு வயிறு உப்பும். கூடையை வழியில் நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். ஹிலாரிக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது.

"காத்துக்குப் பயந்து ஒரே இழுப்பா இழுத்திருக்கே," என்றார் ம்ரிஷோவிடம்.

"இல்ல முதலாளி. நிறுத்தி நிறுத்தித்தான் ஏத்தினேன். வந்தப்ப வயிறு ஒட்டிக் கிடந்துச்சே, நீங்களே பாத்தீங்க."

"அப்ப சாப்பாடா? சாப்பாடு மாறவே இல்லயே." ஹிலாரி தௌசியைப் பார்த்தார். அவளுடைய மூத்த மகன் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார். "என்ன ஷொமாரி அம்மா, மாறிச்சா?"

தௌசி உடம்பில் சுற்றியிருந்த காங்காத் துணியின் முனையை இழுத்து இடுப்பில் செருகினாள். அடுப்பை நோக்கித் திரும்பினாள்.

"அடுத்த படகுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார் ஹிலாரி.

ம்ரிஷோ வாதாடவில்லை. இரண்டு பிள்ளைக்காரன், எட்டுத் திக்கும் கேட்கக் கத்தி ஊரைக் கூட்டக்கூடியவன், அன்று சும்மா போய்த் தன் முகமூடியைத் துடைத்துப் பையில் வைக்க ஆரம்பித்தான். குழாயில் கால்துடுப்புகளைக் கழுவினான். தௌசி அடுப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது துடுப்பையும் அவன் கழுவி முடித்தபோது, அலமாரியின் பின்பக்கம் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தாள். நேராகப் போய் ஹிலாரியின் மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

வறுத்த டகாவின் வாசனை மறைக்கக்கூடியதல்ல.

ஹிலாரி டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நோன்போட இருக்கே. இப்பத் திட்ட மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வரேன்," என்றார்.

சொன்னபடியே வந்தார். நான் பக்கத்து வீடு, சுவர் மெல்லியது. நோன்பு திறந்த வீட்டில் சாப்பிடாமல் உட்கார முடியாது. கஞ்சி வந்தது, சமோசா வந்தது. அவர் மென்றுகொண்டே திட்டினார்.

"தெரிஞ்சே போட்டிருக்கே."

"தெரிஞ்சேதான். இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்தட்டுமா?"

"ஊத்து. ஒரு நல்ல பையன நான் அனுப்பியிருப்பேனே."

"அதுக்குத்தான டப்பாவக் கொண்டாந்தேன். என்னை அனுப்பறதுன்னா அனுப்புங்க."

"உன்னை அனுப்பிட்டு யாரு சமைப்பா, பெர்பெத்துவாவா?" அவர் கஞ்சியை ஊதிக் குடிக்கும் சத்தம் கேட்டது. "பொழச்சதுக்கு இனிமே ஒண்ணும் போடாத. குடல் காயட்டும். பட்டினி ஒண்ணுதான் மருந்து."

அதுதான் அவளுக்குத் தண்டனையாகிவிட்டது. அடுப்பு மூட்டாமல், கல் கழுவாமல், மற்ற தொட்டிகளின் வேலை முடிந்ததும் அந்தத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள். "நானும் சும்மா, நீங்களும் சும்மா," என்பாள். ம்ரிஷோ ஏரியிலிருந்து திரும்பியதும் ஈர உடையோடு வந்து எட்டிப் பார்ப்பான். "அக்கா, உன் விருந்தாளிங்களுக்கும் நோன்பு வச்சுட்டியா?" என்று சீண்டுவான். அவனிடம் அவள் மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் பெருநாளுக்கு முன்பே அவன் வீட்டுக்கு ஒரு சட்டி பிலாவ் போயிருந்தது.

மாதத்தின் கடைசியில் ஹிலாரி தலையசைத்தார். வயிறுகள் வற்றியிருந்தன. வந்ததில் பாதிதான் மிச்சம். அன்று பிற்பகல் அவள் வெறும் கீரையை அரைத்தாள், வெறும் பட்டாணியை, வெறும் பாசியை. பெர்பெத்துவா நக்கிப் பார்த்து, "சப்புனு இருக்கு," என்றாள். "அப்பச் சரி," என்றாள் தௌசி. கல்லில் ஊற்றி, ஆறவைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தொட்டியில் இறக்கினாள்.

மீன்கள் மூலையை விட்டு நகரவில்லை.

வெயில் ஏரிக்கு அந்தப் பக்கம் காங்கோ மலைகளுக்குப் பின்னால் இறங்கியது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பெர்பெத்துவா தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். தௌசியின் கையில் ஒரு பேரீச்சம்பழம். அதை உதடுவரை கொண்டுபோனவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

பாங்கு முடிந்தது. "அக்கா, நேரமாச்சு," என்றாள் பெர்பெத்துவா.

தௌசி தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் பட்டை ஒன்று மூலையிலிருந்து பிரிந்து வந்தது. கல்லைச் சுற்றியது, தலைகீழாக நின்றது, பச்சையில் வாயை வைத்து ஒரு சுரண்டு சுரண்டியது.

அதன் பிறகுதான் அவள் பழத்தைக் கடித்தாள்.