ஜெர்சி வைக்காத ஊதாப் புள்ளி

வல்லம் வடகால் சிப்காட்டில் ஜெர்சியைத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அவள் வேலை பார்க்கிற கம்பெனியில் கிரிக்கெட் பேச வாயைத் திறக்கிற எவனுக்கும் அவளைத் தெரியாமல் இருக்காது. முப்பத்தாறு வயசு. புருஷன் டெனிசன் வேன் ஓட்டுகிறான். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கூட அவனுக்குத் தெரியாது. ஜெர்சிக்கோ டெஸ்ட் மேட்ச் என்றால் அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் டிவியிலிருந்து கண் நகராது.

அந்தக் கண்தான் அவளுக்குச் சோறு போட்டது. காருக்கு ஹெட்லைட் மூடி செய்கிற கம்பெனி அது. அச்சிலிருந்து வருகிற ஒவ்வொரு மூடியையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒதுக்க வேண்டும். நல்லதாக இருந்தால் ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி. ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு கலர், ஜெர்சிக்கு ஊதா. ஊதாப் புள்ளி இருந்தால் ஜெர்சி பார்த்தாள், ஜெர்சி பொறுப்பு. ஒன்பது வருஷம் கான்ட்ராக்டிலேயே காலம் தள்ளியவள், அந்த வருஷம் பர்மனென்ட் ஆகப் போகிறவர்கள் லிஸ்டில் மூணாவது பேராக இருந்தாள்.

அப்போது பார்த்து லைனுக்கு ஒரு கேமரா வந்து சேர்ந்தது. மூடியை அதற்கடியில் வைத்தால், நல்லது என்றால் பச்சை லைட், கெட்டது என்றால் சிவப்பு. அதற்கே சந்தேகம் என்றால் மஞ்சள். மஞ்சள் எரிந்தால் இன்ஸ்பெக்டர் சொல்வதுதான் முடிவு என்று சுவரில் தமிழிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒட்டி என்ன பிரயோஜனம், லைன் லீடர் சுபாஷுக்கு அது கண்ணில் பட்டால்தானே.

சுபாஷ் அவளைவிட எட்டு வயசு சின்னவன். வாய்க்கு வாய் அக்கா என்பான். ஒரு சனிக்கிழமை அறுபத்து நாலு மூடிக்கு மஞ்சள் எரிந்தது. ஜெர்சி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொக்கி இருக்கிற பக்கம் எல்லாவற்றிலும் விரிசல். அறுபத்து நாலையும் சிவப்புத் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். வெளியே லாரி கிளம்ப நின்றது, லோடு குறைந்தால் சுபாஷ்தான் பதில் சொல்ல வேண்டும். மேசை மேல் அவளுடைய ஊதா மார்க்கர் கிடந்தது. அவள் சாப்பிட்டுத் திரும்பியபோது தட்டு காலி.

"ஸ்கிராப்புக்கு அனுப்பிட்டேங்கா" என்றான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

பதினைந்தே நாளில் கார் கம்பெனி அந்த அறுபத்து நாலையும் திருப்பி அனுப்பியது. எல்லாவற்றிலும் ஊதாப் புள்ளி. குவாலிட்டி மேனேஜர் கோதண்டராமன் கேட்டது ஒரே கேள்வி: "இது உன் கலர்தானேம்மா?" அவள் ஒதுக்கியதைச் சொன்னாள், தட்டு காலியாக இருந்ததைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற சுபாஷ் தலையைக் குனிந்துகொண்டே, "அக்காதான் சார் பாஸ் பண்ணாங்க. அன்னிக்கு தலைவலின்னு சொல்லிகினு இருந்தாங்க" என்றான். தலைவலியாம். கொஞ்சமும் கூசாமல் எப்படிச் சேர்த்தான் பாருங்கள், பொய்க்குத் தாளிப்பு மாதிரி. கோதண்டராமன் வார்னிங் லெட்டரில் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். லிஸ்டிலிருந்து பேரை அடித்தார்கள். மார்க்கரைப் பிடுங்கிக்கொண்டு பேக்கிங்குக்கு அனுப்பினார்கள்.

பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த மஞ்சுளா, "வுடுக்கா. கடவுள் பாத்துப்பாரு" என்றாள்.

"அவரும் பாக்கட்டும். நானும் பாத்துக்கறேன்" என்றாள் ஜெர்சி.

ஜெர்சிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. அதுதான் ஆபத்து. கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் வடிந்திருக்கும். அவள் சாட்சியைத் தேடினாள், இல்லை. அந்த மேசைப் பக்கம் சிசிடிவியும் இல்லை. அப்படியானால் உண்மை அவன் வாயாலேயே வரவேண்டும், அதுவும் கோதண்டராமன் காதில் விழுகிற மாதிரி வரவேண்டும் என்று முடிவு கட்டினாள். ஆறு மாசம் அவனைக் கவனித்தாள். கேன்டீனில் சுபாஷ் சண்டை போடுவதில் ஒரு வழக்கம் உண்டு. வாதத்தில் தோற்கப் போகிறான் என்றால் உடனே, "நான் இன்னா பண்ணேன் தெரியுமா" என்று தன்னைப் பற்றி ஒரு வீரக் கதையை எடுத்துவிடுவான். ஏறிவிட்டால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கூடப் பார்க்க மாட்டான்.

இந்த நேரத்தில்தான் அந்த டெஸ்ட் மேட்ச் வந்தது. வியாழக்கிழமை ஆரம்பம். நாலு மணி டீ பிரேக்கில் கேன்டீன் டிவிக்கு முன்னால் கூட்டம். முதல் நாளே ஒரு எல்பிடபிள்யூ. அம்பயர் நாட் அவுட் என்றார், நம்மவர்கள் ரிவ்யூ கேட்டார்கள், பந்து ஸ்டம்ப்பின் ஓரத்தைத் தொடுகிறது என்று படம் காட்டியது. ஆனாலும் அம்பயர் சொன்னதே செல்லும் என்று விட்டுவிட்டார்கள். சுபாஷ் டம்ளரை மேசையில் இடித்தான்.

"ஒரு ஓரம் பட்டாலும் பெயில் வுழும். வுழுந்தா அவுட். அதான் மிஷினு காட்டுதே, அப்புறம் அம்பயர் இன்னாத்துக்கு?"

உண்மையைச் சொன்னால் ஜெர்சிக்கும் அந்த விதி அறவே பிடிக்காது. பல வருஷமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆனால் அன்றைக்கு அம்பயர் கட்சிக்கு மாறினாள்.

"பந்து கால்ல பட்டு நின்னு போச்சு தம்பி. அதுக்கு மேல எங்க போயிருக்கும்னு மிஷினு கணக்கு போட்டு சொல்லுது. பாத்து சொல்லல. பாதி பந்துக்கு மேல ஸ்டம்ப்ல பட்டா மிஷின் பேச்சு. அதுக்குக் கம்மின்னா நிக்கிற ஆளு பேச்சு. நியாயந்தானே?"

"இன்னா நியாயம்? மனுசன் கண்ணு தப்பா பாக்கும். மிஷினு பாக்காது."

வெள்ளிக்கிழமை சத்தம் இன்னும் ஏறியது. பந்து பேட்டில் பட்டதா என்று பார்க்க டிவியில் காட்டுகிற சத்தக் கோட்டைப் பற்றிய சண்டை. பேட் தரையில் உரசினாலும் கோடு துள்ளும், அதைப் பிரித்துப் பார்க்க ஒரு மனுஷன் வேண்டாமா என்று ஜெர்சி கேட்டாள். வாதம் கைவிட்டுப் போவது சுபாஷுக்குத் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது.

"நம்ம லைன்லயே ஒரு தபா நான் இன்னா பண்ணேன் தெரியுமா..." என்று ஆரம்பித்தான்.

 அவன் வாய்வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் கோதண்டராமன் கேன்டீனில் இல்லை. ஆடிட் என்று ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தார். இப்போது கொட்டிவிட்டால் நாளைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன் என்பான். ஆறு மாசமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தவள், அதை அவன் தொண்டையிலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

"சரி வுடு தம்பி, நீ சொல்றதுதான் கரெக்டு" என்று தோற்றுப் போனாள். அவன் ஜெயித்த சந்தோஷத்தில் வடை வாங்கித் தின்றான். தின்னட்டும் என்று விட்டாள்.

சனிக்கிழமை கோதண்டராமன் வந்தார், சுபாஷ் லீவு. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் உட்கார்ந்துகொண்டு, ஆண்டவரே இந்த மேட்ச் இன்றைக்கே முடிந்துவிடக் கூடாது என்று வேண்டினாள். இந்தியா ஜெயிக்கட்டும், தோற்கட்டும், திங்கட்கிழமை நாலு மணி வரைக்கும் ஆட்டம் ஓடினால் போதும். எல்லோரும் எழுந்து நின்று ஜெபம் சொல்லும்போது, தீமை செய்தவர்களை மன்னிக்கிற வரி வந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற டெனிசன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு வெளிச்சம் குறைந்து, எதிர் டீமுக்கு மூணு விக்கெட் பாக்கியோடு ஆட்டம் திங்கட்கிழமைக்குப் போனது.

திங்கட்கிழமை நாலு மணி. எதிர் டீம் ஜெயிக்க இன்னும் பதினோரு ரன். நமக்கு வேண்டியது ஒரே ஒரு விக்கெட். கேன்டீனில் நிற்க இடமில்லை. கோதண்டராமனும் கிரிக்கெட் பைத்தியம்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் தூணோடு தூணாக நின்றார். சுபாஷ் முன் பெஞ்சில். ஜெர்சி அவனுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

பந்து காலில் கட்டிய பேடில் பட்டது. கேன்டீனே எழுந்தது. அம்பயர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். ரிவ்யூ. படம் ஓடியது, பந்து லெக் ஸ்டம்ப்பை உரசிக்கொண்டு போனது. அம்பயர் சொன்னதே முடிவு, நாட் அவுட்.  ஜெர்சியின் கண்ணுக்கு அது சுத்தமான அவுட்.

"கரெக்ட்டா குடுத்தாரு" என்றாள் சத்தமாக.

சுபாஷ் திரும்பினான். "மனசாட்சி கீதா உங்களுக்கு? ஸ்டம்ப்ல படுது, கண்ணுக்குத் தெரிது."

"மிஷினுக்கே டவுட்டு. டவுட்டுன்னா ஆளு சொல்றதுதான்."

"ஆளு சொல்றதாம். நானா இருந்தா அம்பயர தள்ளிட்டு அவுட்டுன்னு குடுத்துகினு போய்க்கினே இருப்பேன்."

"கேன்டீன்ல உக்காந்துகினு யாரு வேணா சொல்லலாம்" என்றாள் ஜெர்சி, டீயை ஆற்றிக்கொண்டே. "முடிவு உன் கையில இருந்தா நீயும் கம்முனுதான் போவ. உனக்கு அந்த தைரியம்லாம் வராது தம்பி."

சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

"எனக்கா? எனக்கா வராது?" எழுந்தே விட்டான். "மஞ்ச லைட்டு எரிஞ்சு, நீங்க ரிஜெக்ட்டுன்னு ஒதுக்கி வெச்ச அறுவத்து நாலு பீஸயும் ஏத்தி அனுப்புனது யாரு? லாரி நின்னுகினு கீது, உங்களக் கேட்டுகினு இருந்தேனா? நானே புள்ளிய வெச்சேன், அனுப்புனேன். முடிவுன்னா அப்படி எடுக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது.  கோதண்டராமன் டீயை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"என்ன கலர் புள்ளி வெச்ச?" என்றார்.

 அதற்குள் டிவியில் கடைசி விக்கெட் விழுந்து நம்மவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளும் கிடைத்த நேரமெல்லாம் மேட்சைப் பார்த்தவள் அந்தப் பந்தைப் பார்க்கவேயில்லை. சுபாஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நிம்மதி அவளுக்கு இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

மறுநாள் கோதண்டராமன் இருவரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். மனுஷன் சமாதானம் பேசினார். "பையன் தப்பு பண்ணிட்டான். சாரி சொல்லிடுவான். பெருசு பண்ண வேணாம்மா."

"எனக்கு பேப்பர்ல குடுத்தீங்க சார். போர்டுல ஒட்டுனீங்க" என்றாள் ஜெர்சி. "எனக்கும் பேப்பர்ல வேணும். போர்டுல வேணும். நீங்க போட்ட கையெழுத்த நீங்கதான் கேன்சல் பண்ணணும்."

கோதண்டராமனுக்கு அது சுருக்கென்றது. தைக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவரும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் கலரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்தானே.

சுபாஷ் எழுதிக் கொடுத்தான். கேமராவின் குழப்பத்தால் தவறு ஏற்பட்டது என்று இருந்தது. ஜெர்சி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "ரிஜெக்ட்." மறுபடி எழுதினான், மார்க்கரை யார் எடுத்தது என்று அதில் இல்லை. அதுவும் திரும்பிப் போனது. மூணாவது தடவை எல்லாம் இருந்தது: மார்க்கர், அறுபத்து நாலு, தலைவலி என்று சொன்ன பொய். அதை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் மேனேஜர் கையில் கொடுத்தாள்.

அவனுடைய லீடர் பதவி போயிற்று, லோடிங்குக்குத் தள்ளினார்கள். வார்னிங்கைக் கேன்சல் பண்ணி கோதண்டராமன் போர்டில் ஒட்டினார், ஜெர்சியின் பேர் மறுபடி லிஸ்டில் ஏறியது. "பாவம்க்கா, புள்ளகுட்டிக்காரன்" என்றாள் மஞ்சுளா. "ஆறு மாசம் நான் மட்டும் இன்னாவா இருந்தேன்?" என்று கேட்டாள் ஜெர்சி. மஞ்சுளா பேச்சை மாற்றிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, ஷிப்ட் முடிந்து வண்டி எடுக்கும்போது சுபாஷ் குறுக்கே வந்து நின்றான். கையெல்லாம் அட்டைப்பெட்டித் தூசி.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு வேணும்னேதான் கிளறி வுட்டீங்களா?"

"ஆமா" என்றாள்.

"மேட்ச் பத்திப் பேசறதாதானே நெனச்சேன். கூடப் பொறந்த அக்கா மாதிரி நெனச்சு பேசுனேன்."

ஜெர்சி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ பொய் சொல்லி என்ன கவுத்த. நான் உன்ன ஒரே ஒரு நெசத்த சொல்ல வெச்சேன். அத உன்னால ஒரு வாரம் தாங்க முடியல. உன் பொய்ய நான் ஆறு மாசம் சொமந்தேன்டா."

அவன் வழியை விட்டு நகர்ந்தான். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஒரகடம் ரோட்டில் ஏறினாள்.